பெல் கெட்டுவிட்டது என்று சொல்

சித்ரா,

கம்பெனிக்குக் கிளம்புகிறேன். கஞ்சி அடுப்படியில் இருக்கிறது. நூறு நாள் வேலை முடிந்து நீ வரும்வரை பக்கத்து வீட்டுக் காசம்மாள் அக்கா மாமாவோடு இருப்பார். சாவியும் அவரிடம்தான்.

நேற்று நீ கத்தியது நியாயம்தான். "ஒங்க பெல்லு அடிக்கவே இல்ல, அப்பா ஈரத்துலயே கெடந்தாரு" என்றாய். வாதம் வந்து பேச்சு நின்றபின் அவர் நம்மைக் கூப்பிட நான் செய்து கொடுத்த பெல். காலையில் அதைப் பிரித்தேன். ஒயரை ஈயத்தால் பற்றவைத்த இடம் எங்கேயாவது விட்டிருக்கவேண்டும், தப்பு என்னுடையதாக இருக்கவேண்டும் என்று கோகிலாம்பாளை வேண்டிக்கொண்டுதான் பிரித்தேன். ஒயர் சரி. பேட்டரி புதிது. நான் லேசாகத் தொட்டாலே அடிக்கிறது.

பட்டனை அவர் இடது விரலுக்கடியில் வைத்தேன். முகம் சிவக்க முயன்றார். அடிக்கவில்லை. இருந்த ஒரு கையும் போய்விட்டது, சித்ரா. இதைவிட லேசாகத் தொட்டாலே அடிக்கிற பட்டன் எனக்குச் செய்யத் தெரியாது.

"பெல்லு கெட்டுப்போச்சு மாமா, நான் செஞ்ச தப்பு" என்று சொல்லி எடுத்துவிட்டேன். நீயும் அப்படியே சொல். இந்தப் பொய்யை அம்பாள் பொறுத்துக்கொள்வாள்.

மாத்திரையைக் கஞ்சிக்குப் பிறகு கொடு.

எழுத மறந்தது: நான் சொன்னதும் மாமா சிரித்தார். "இன்னா மாப்ள, ரேடியோ ஸ்டேஷன் வெக்கப் போறியா?" என்று, பேச்சு இருந்தபோது நான் ஒயரோடு உட்கார்ந்தால் கேலி செய்வாரே, அதே சிரிப்பு. நம்பினாரா, நான் வருத்தப்படக்கூடாதென்று நம்பியதுபோல் இருந்தாரா, தெரியவில்லை.

பாக்யராஜ்