ஒன்றரை முழ டிவி

சித்தையன்கோட்டை
8.2.2009

அன்புள்ள மச்சானுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். எனக்கு ஒரு டிவி வேண்டும். இருந்ததைத்தான் என்னைக் கேட்காமல் உங்கள் தங்கச்சி வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்களே. நானும் ஆத்திரத்தில், "இது எங்கப்பா கட்டுன வீடு. இதுல ஒரு ஆணியக்கூட நீங்க தொடக் கூடாது" என்றேன். அன்றைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு போனவர்தான், ஏழு மாதமாகிறது.

பக்கத்து வீட்டு இஞ்ஞாசியம்மாளிடம் போய்த்தான் நாடகம் பார்க்கிறேன். விளம்பரம் போட்டால் போதும், "அண்ணன் எப்ப வாராரு மதினி?" என்று ஆரம்பித்துவிடுகிறாள். பதில் சொல்லி மாளவில்லை.

விலை குறைவாக, நல்லதாக ஒன்றைக் கம்ப்யூட்டரில் பார்த்து அனுப்புங்கள். சுவர் அலமாரியில் வைக்க வேண்டும். அகலம் ஒன்றரை முழம்.

செல்வி


சென்னை
19.2.2009

அன்புள்ள செல்விக்கு,

நான் வார்டனாக இருக்கும் விடுதிக்கு எதிரே பிரௌசிங் சென்டர் இருக்கிறது. நான்கு நாள் அங்கேயே கிடந்தேன். வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். ஒருத்தர் ஆகா என்கிறார், அடுத்தவர் ஆறே மாதத்தில் கோடு விழுந்தது என்கிறார். ஒரு கம்பெனிக்குத் திண்டுக்கல்லில் ரிப்பேர் பார்க்க ஆளில்லை. நீ மதுரைக்குத் தூக்கிக்கொண்டு அலைவாய் என்று தள்ளிவிட்டேன். உனக்குக் கிட்டப் பார்வை சரியில்லையே, ரிமோட்டில் எண்கள் பெரிதாக இருக்கின்றனவா என்றுகூடப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசியில் இருபத்தோரு அங்குல டிவி ஒன்று திகைந்தது. அதில் போட்டிருந்த அகலத்தை மேசையில் குறித்து முழம் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. பணம் கட்டிவிட்டேன்.

முகவரிக்கு மேலே பெயர் கேட்டது. உன் பெயரை மட்டும் போட்டேன். உன் அப்பா கட்டிய வீடல்லவா?

பிரஷர் மாத்திரையை மறக்காதே.

ஞானப்பிரகாசம்


சித்தையன்கோட்டை
5.3.2009

அன்புள்ள மச்சானுக்கு,

டிவி வந்தது. அலமாரிக்குள் போகவில்லை. இரண்டு விரற்கடை அகலம் கூடுதல். யார் கையால் முழம் போட்டீர்கள்? உங்கள் பனைமரக் கையாலா? நான் அளந்தது என் கையால். பூக்காரி முழத்துக்கும் வாங்குகிறவர் முழத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியாதா?

இப்போது டிவி உங்கள் கட்டில் மேல் இருக்கிறது. கொத்தனார் முத்துச்சாமி வந்து பார்த்தார். "கட்டில எடுத்துட்டு மேசையப் போடுங்கக்கா. இல்லாட்டி செவத்த இடிச்சு அகலப்படுத்தணும்" என்கிறார். கட்டிலை எடுக்கட்டுமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. மன்னித்துவிடுங்கள்.

செல்வி


சென்னை
10.3.2009

செல்வி,

கட்டிலை எடுக்காதே. நானும் உன்னைக் கேட்காமல் டிவியைக் கொடுத்திருக்கக் கூடாது. விடுதியில் இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முதல் தேதி காலையில் திண்டுக்கல்லில் இறங்குவேன். சுவரை நானே இடிக்கிறேன். உங்கப்பா கட்டியது. இடிக்கலாமா?

ஞானப்பிரகாசம்


சித்தையன்கோட்டை
14.3.2009

மச்சான்,

நம் வீட்டுச் சுவரை இடிக்க என்னிடம் என்ன கேள்வி? முத்துச்சாமியை விட்டு டிவியைக் கீழே இறக்கிவிட்டேன். கட்டிலைத் தூசி தட்டிப் படுக்கை விரித்திருக்கிறேன். முதல் தேதிவரை எதற்கு?

செல்வி