இருபத்தாறு வீட்டுப் புகை

மலை முகாம்
மே 30, 1943

அன்புத் தங்கை பொலிக்செனிக்கு,

நீ கொடுத்தனுப்பிய பாலாடைக்கட்டி வந்தது. பதினோரு பேர் பங்கு போட்டதில் எனக்குக் கட்டைவிரல் அளவு கிடைத்தது.

வியாழன் காலை ரயில் பாலத்தைத் தகர்க்கிறோம். தெசலோனிக்கியிலிருந்து ஏதென்ஸுக்குப் போக ஜெர்மன்காரனுக்கு இருப்பது இந்த ஒரே ரயில் பாதைதான். பாலம் விழுந்தால் பக்கத்திலிருக்கும் நம் ஊரைத்தான் கொளுத்துவான். எல்லோரும் மேலே ஆட்டுக்கிடைகளுக்கு ஏறிவிட வேண்டும். ஊர் மறுத்தால் வெடி வைக்க மாட்டோம்; எங்கள் கெரில்லாப் படைத் தலைவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்பாவிடம் நீயே சொல். எனக்குத் தைரியமில்லை.

உன் அண்ணன்
அனெஸ்திஸ்

ஜூன் 1

அன்புள்ள அண்ணா,

கோயில் முற்றத்தில் கூடினோம். கத்தல், அழுகை எல்லாம் நடந்தது. கடைசியில் கலிரோயி அக்கா எழுந்தாள். "என் ரெண்டு புள்ளைங்களும் பசியில செத்தப்ப, நம்ம கோதுமை அந்த ரயில்லதான் போச்சு. வீடு போனா போகட்டும்" என்றாள். ஒவ்வொருவராகக் கை தூக்கினோம். ஊர் சம்மதம்.

ஒரே சிக்கல். பாலத்துக் காவலர்களுக்கு நம் புகைபோக்கிகள் தெரியும். காலையில் புகை எழாவிட்டால் ஊர் காலி என்று புரிந்துகொண்டு படையைக் கூப்பிடுவார்கள். அதற்கு அப்பா ஒரு வழி வைத்திருக்கிறார். அது எங்கள் பாடு. நீ உன் வேலையைப் பார். காலுறை அனுப்பியிருக்கிறேன். இதையாவது யாருக்கும் தானம் பண்ணாதே.

பொலிக்செனி

ஜூன் 24

பொலிக்செனி,

பாலத்தின் இரண்டு வளைவுகளும் பள்ளத்தாக்கில் கிடக்கின்றன. மூன்று வாரமாகத் தெற்கே ஒரு ரயிலும் போகவில்லை. முகாமே ஆடிப்பாடியது, நானும் ஆடினேன். நேற்றுத்தான் முகாமுக்குச் சாமான் கொண்டுவரும் கழுதைக்காரர் அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஏன் எனக்கு எழுதவில்லை? திரியைப் பற்றவைத்தது என் கை. என் முகத்தில் விழிக்க உனக்கு மனம் வராது என்று தெரியும். மன்னித்துவிடு.

அனெஸ்திஸ்

ஆட்டுக்கிடை
ஜூலை 2

என் அண்ணாவுக்கு,

முன்பே எழுதியிருந்தால் வெடி வைத்திருப்பாயா? அதனால்தான் எழுதவில்லை.

புதன் மாலை எல்லோரும் ஏறினோம். அப்பா வாசலில் சுள்ளிக்கட்டோடு நின்றார். "அந்த ஊனக் காலை வெச்சிக்கிட்டு எப்படிப்பா ஓடி வருவீங்க?" என்று அழுதேன். "ஓடுறதுக்குத்தான் ரெண்டு காலு வேணும். இருபத்தாறு அடுப்பு பத்தவைக்க ஒண்ணு போதும். போடி" என்றார்.

வியாழன் விடிந்ததும் மேலிருந்து பார்த்தோம். ஒவ்வொரு வீடாகப் புகை எழுந்தது. கலிரோயி அக்கா விரல்விட்டு எண்ணினாள். இருபத்தாறும் எழுந்த பிறகுதான் உன் வெடி கேட்டது. ஒரு மணி நேரத்தில் அவர்கள் வந்தார்கள். அப்பாவைச் சுட்டுவிட்டு ஊரைக் கொளுத்தினார்கள். இரண்டு நாள் கழித்து இறங்கிப் போய், நானே குழி வெட்டி அடக்கம் செய்தேன்.

மன்னிப்புக் கேட்காதே. நீ கேட்டால், அப்பா விவரம் தெரியாமல் மாட்டிக்கொண்டார் என்றாகிவிடும். அவர் தெரிந்தே நின்றார். நூற்றுப்பதினான்கு பேர் இங்கே உயிரோடிருக்கிறோம். மழை ஒழுகுகிறது, மாவு குறைவு. ஆனாலும் யாரும் தலைகுனிந்து நடக்கவில்லை.

நேற்று கலிரோயி அக்கா கேட்டாள்: "இனிமே அவனுங்க எரிக்கிறதுக்கு நம்மகிட்ட ஒரு கூரைகூட இல்ல. அடுத்த பாலம் எப்பன்னு உங்க அண்ணனைக் கேட்டு எழுது."

கேட்டுவிட்டேன். பதிலை நேரில் வந்து சொல்.

உன் தங்கை
பொலிக்செனி