நாற்பதாயிரம் வண்டிக் கரி

மார்ச் 3

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு வருடமாகக் கேட்காதவன் இன்று கேட்டால் நீ கடிதத்தை மடித்து ஓரமாக வைத்துவிடுவாய். ஆனாலும் இந்தச் சேதியை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்? கிடைத்துவிட்டது! தொலைந்துபோன கரி கிடைத்துவிட்டது!

நீ இங்கிருந்த கடைசி மாதம் ஞாபகமிருக்கும். வடக்கே வெட்டிக்கொண்டே போனபோது கரி அடுக்கு கத்தியால் நறுக்கியதுபோல நின்றுபோய், எதிரே வெறும் பாறை. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று பாதிப் பேர் பெட்டி கட்டினார்கள். பூமி பிளந்து அந்தப் பக்கம் கீழே இறங்கியிருக்கிறது, கரியும் அதோடு இறங்கியிருக்கிறது என்று நான் மட்டும் மேனேஜரின் காதைத் தின்றேன். அந்தச் சண்டை மும்முரத்தில்தான் உன் சண்டையைக் கவனிக்காமல் விட்டேன், நீயும் கிளம்பிப் போய்விட்டாய்.

போன செவ்வாய்க்கிழமை, துளை போடுகிற நம் 'ஊசி' இருபத்திரண்டாவது மீட்டரில் கத்தினார்: "சார், கறுப்பு! கறுப்பா வருது சார்!" துளையிலிருந்து வழிந்த தண்ணீர் மை மாதிரி இருந்தது. மூன்று மீட்டர் கனம்! முந்நூறு பேர் பிழைப்பு தப்பியது. மேனேஜர் கை குலுக்கிய குலுக்கலில் எனக்கு இன்னும் தோள் வலி.

உன்னிடம் ஒரு உதவி. புதுப்பாதை போகிற திசையில், ஐம்பது வருடத்துக்கு முன் வேறொரு கம்பெனி வெட்டிவிட்டு மூடிய பழைய சுரங்கம் இருக்கிறது. இப்போது அதன் வயிறு நிறையத் தண்ணீர். அவர்கள் வரைபடப்படி அதற்கும் எங்களுக்கும் நடுவே தொண்ணூறு மீட்டர் கரிச்சுவர். அறுபது மீட்டர் சுவரை விட்டுவிட்டு நாங்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தக் கம்பெனிக் காகிதமெல்லாம் உன் ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறதாம். படம் சரிதானா என்று பார்த்துச் சொல்வாயா? போன் செய்திருப்பேன். இங்கே இருக்கிற ஒரே போன் மேனேஜர் மேஜைமேல். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உன்னிடம் என்ன பேசுவது?

உன்
பெருச்சாளி


மார்ச் 11

சுரங்கத்துக்கு வாக்கப்பட்டவருக்கு,

இரண்டு வருடம் கழித்து வந்த கடிதத்தில் என்னைப் பற்றி எத்தனை வரி என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையைச் சொன்னால் உங்களுக்குத்தான் வெட்கம்.

ஆனால் "கறுப்பா வருது" என்ற இடத்தில் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி, "என்னடி, லாட்டரி அடிச்சிடுச்சா?" என்றாள்.

உங்களுக்காக இல்லை, அந்த முந்நூறு பேருக்காகப் பார்த்தேன். படம் இருக்கிறது. தொண்ணூறு மீட்டர் என்றுதான் காட்டுகிறது. ஆனால் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது. அவர்களுடைய மற்றப் படங்களில் விரல் ரேகை, எண்ணெய்க் கறை, அழித்துப் போட்ட கோடு எல்லாம் உண்டு. இது ஒரு நாளும் கீழே இறங்காத படம். இன்னும் பதினோரு பெட்டி பிரிக்க வேண்டும். அதுவரை அவசரப்படாதீர்கள். (படுவீர்கள்.)

இப்படிக்கு,
காப்பகத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி


மார்ச் 18

அன்புள்ள காப்பகக்காரிக்கு,

கரி ரயில் உன் கடிதத்தைக் கொண்டுவந்தது. மேனேஜரிடம் காட்டினேன். "படத்துல கைரேகை இல்லன்னு வேலைய நிறுத்துவாங்களாய்யா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தப்பு என்று தெரிந்தும் சிரித்தேன்.

ஆனால் நீ பார்க்க வேண்டுமே! இயந்திரத்தின் பற்கள் கடிக்கக் கடிக்கப் பளபளவென்று கரி உதிர்கிறது. கரி சுமக்கும் பெல்ட் ஒரு நிமிடம்கூடக் காலியாக ஓடுவதில்லை. தினம் இரண்டு மீட்டர் முன்னேறுகிறோம். காலை ஷிப்டுக்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்குகிறார்கள். சண்டை போடுவதற்காவது எழுது.

பெருச்சாளி


மார்ச் 22

உங்களுக்கு,

இந்தக் கடிதம் சாட்சிக்காக. இதை எழுதுவதற்கு முன்பே போன் செய்துவிட்டேன்.

ஒன்பதாவது பெட்டியில் பழைய சுரங்கத்தின் தள்ளுவண்டிப் பதிவேடு கிடைத்தது. தினம் எத்தனை வண்டிக் கரி மேலே வந்தது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கடைசி வருடத்தில் மட்டும் நாற்பதாயிரம் வண்டி! வரைபடம் காட்டுகிற இடத்தை முழுக்கச் சுரண்டினாலும் அதில் பாதிகூடத் தேறாது. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். மூடுவதற்கு முன், வெட்டக்கூடாத சுவரையும் திருட்டுத்தனமாக வெட்டியிருக்கிறார்கள். படத்தில் மறைத்துவிட்டார்கள்.

உங்கள் மேனேஜர்தான் போனை எடுத்தார். "யாரும்மா நீ?" என்றார்.

"உங்க சர்வேயரோட பொண்டாட்டி."

என் வாயிலிருந்து அது எப்படி வந்ததோ!

"படம் தப்புன்னு சொல்றியே, நீ கீழ இறங்கிப் பாத்தியா?"

"இறங்கல சார். நாப்பதாயிரம் வண்டி வெளிய வந்திருக்கு. எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "வச்சிடும்மா" என்றார். நிறுத்தினாரா இல்லையா? ஒரு வரி எழுதுங்கள். இல்லை, அவர் முன்னாலேயே போன் பண்ணுங்கள்!

நான்


மார்ச் 25

என் கண்ணே,

போனில் "நிறுத்தியாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். முழுக்கதை இதோ.

நீ போனை வைத்த பத்தாவது நிமிடம் மேனேஜர் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். கீழே இருந்த நாற்பத்திரண்டு பேரையும் மேலே ஏற்றினோம். நானும் ஊசியும் இன்னும் மூன்று பேரும் மட்டும் தங்கினோம். கரிச்சுவரில் வால்வு வைத்த குழாயைப் பொருத்தி, அதன் வழியாக மெல்லிசாக ஒரு துளை போட்டோம். நான்கு மீட்டர், ஐந்து, ஆறு. ஏழாவது மீட்டரில் கம்பி பின்னால் எகிறியது. தண்ணீர் ஒரே சீறல்! ஊசி வால்வின்மேல் விழுந்து திருகி மூடினார்.

ஏழு மீட்டர்தான். படப்படி அறுபத்து நான்கு இருக்க வேண்டும். இன்னும் இரண்டு நாள் வெட்டியிருந்தால் மிச்சச் சுவர் மூன்றே மீட்டர். ஐம்பது வருடத் தண்ணீரை அது தாங்குமா?

மேனேஜர் வந்து பார்த்தார். நனைந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "உன் பொண்டாட்டிக்கு அங்க என்னய்யா சம்பளம் குடுக்கறாங்க?" என்றார். பம்பு போட்டுத் தண்ணீரை இறைக்கத் தொடங்கியாயிற்று. வடிந்ததும் மறுபடி வெட்டுவோம்.

பழைய கம்பெனியின் மலைமேல் ஆபீஸில் உன் காப்பகத்துக்கு வந்து சேராத காகிதம் ஒரு அறை நிறைய மக்கிக்கொண்டிருக்கிறது. நீ வந்து பிரித்துத் தர முடியுமா என்று மேனேஜர் கேட்கச் சொன்னார். மூன்று மாத வேலை. கேட்டது அவர். எனக்குக் கேட்க வாய் இல்லை. நீ சொன்னதை நான் காதில் வாங்காமலே நான்கு வருடம் உன்னோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

உன்
பெருச்சாளி


ஏப்ரல் 1

அன்புள்ள பெருச்சாளிக்கு,

கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். ஏழாவது மீட்டரில் உட்கார்ந்தேன்.

மூன்று மாத லீவு கிடைத்துவிட்டது. காகிதத்துக்காகத்தான் வருகிறேன், நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். தங்க இடம் கேட்டு மேனேஜருக்குப் போன் செய்தேன். "சர்வேயர் வீட்ல இடம் இருக்கு, ஆனா கூரை ஒழுகும்" என்றார். ஒழுகட்டும் என்றேன்.

ஒரே ஒரு நிபந்தனை. அங்கே இருந்த நான்கு வருடமும் ஷிப்டு முடியும் சங்குக்காகக் காத்திருந்தேனே தவிர, கூண்டில் ஏறி ஒரு நாள்கூடக் கீழே இறங்கியதில்லை. நீங்கள் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படி எதைப் பார்த்து என்னை மறந்தீர்கள் என்று நான் பார்க்க வேண்டும். முதல் நாளே.

பதினைந்தாம் தேதி, காலிப் பெட்டிகளோடு திரும்பி வரும் கரி ரயிலில் ஏறுகிறேன். கல்யாணமாகி வந்தபோதுகூட எனக்கு இப்படிப் படபடத்ததில்லை.

உங்கள்
பூதக்கண்ணாடி