இல்லாத ஆட்டுக்குக் குழை

மச்சாள்,

இன்று காலை நானும் மருமகளும் முருங்கையிலை ஆய உட்கார்ந்தோம். இரவு பெய்த மழையில் இலையின் பச்சை மணம் தூக்கலாக இருந்தது. சுளகை மடியில் வைத்ததும் என் கை தானாகப் போய் எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டது. ஆள் இருக்க அல்ல, போன் இருக்க. நீ பழக்கிவிட்ட பழக்கம்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து நாங்கள் எங்கள் ஊரான உயிலங்குளத்துக்குத் திரும்பியபோது, அங்கேயே கலியாணம் கட்டிய என் மகள் எங்களோடு வரவில்லை. வழியனுப்பவும் வரவில்லை. அதனால் போன் என் கையை விட்டு இறங்காது. களை பிடுங்கும்போது இடுப்பில், சமைக்கும்போது உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில். உன் வீட்டுக்கு வந்தாலும் நீ கதைக்கக் கதைக்க நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"மச்சாள், உன்ர போனுக்கும் ஒரு பிளேன்டி ஊத்தட்டோ?" என்பாய்.

ஒருநாள் உன் முன்னாலேயே அவளுக்கு எடுத்தேன். சாப்பிட்டியா என்றேன். ம் என்றாள். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்றேன். அதற்கும் ம். வைத்துவிட்டேன்.

"நாள் முழுக்க எடுக்கிறாய். எடுத்து என்னத்தைக் கதைச்சனீ?" என்று போனைப் பறித்தாய். திரும்ப எடுத்து, அவள் முகம் தெரிய நீலப் பிளாஸ்டிக் கதிரையில் சாத்தி வைத்தாய்.

"பிள்ளை, மாமி கதைக்கிறன். நானும் கொம்மாவும் முருங்கையிலை ஆயிறம். உனக்கும் வேலை கிடந்தாக் கொண்டு வந்து இரு. கதைக்க ஒண்டும் இல்லையெண்டால் கதைக்க வேண்டாம்."

அவள் முழித்தாள். பிறகு ஒரு தட்டில் சின்ன வெங்காயம் கொண்டு வந்து இருந்தாள். மூன்று பேரும் அவரவர் வேலையைப் பார்த்தோம். அங்கே அவள் வீட்டுச் சேவல் கூவியது.

"உங்கட சேவலுக்கு நேரங்காலம் தெரியாதோ?" என்றாய்.

அவள் சிரித்தாள். கடல் தாண்டி வந்தபிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

அதற்குப் பிறகு பின்னேரத்தில் மட்டும், உன் வீட்டில் வைத்து, வேலையோடுதான் எடுத்தேன். மற்ற நேரம் போன் அலுமாரிக்குள் கிடந்தது. நீ சொல்லும் ஊர்ப் புதினங்களை அப்போதுதான் முழுதாகக் கேட்டேன். சில நாள் அவள் என்னைக் கண்டதும் "மாமி எங்க?" என்பாள். எனக்கு எரிச்சல், உனக்குப் பெருமை.

ஒருநாள் வெங்காயம் உரித்தபடி, நிமிராமல் கேட்டாள். "அம்மா, நீங்க கிளம்பின அன்னைக்கு நான் ஏன் வரலைன்னு கேக்கவே இல்லையே?"

என் கை நின்றது. நீ எழும்பினாய். "நான் ஆட்டுக்குக் குழை போட்டிட்டு வாறன்" என்று போய்விட்டாய்.

"கேக்கப் பயமாக் கிடந்தது, பிள்ளை" என்றேன்.

"வந்திருந்தா உங்க கையை விட்டிருக்க மாட்டேம்மா."

இரண்டு பேரும் அழுதோம். பழியைப் போட வெங்காயம் இருந்தது. முகத்தைத் துடைத்துவிட்டு அவள் கேட்டாள். "அம்மா, மாமிகிட்ட ஏது ஆடு?"

இலை குழை ஒடித்துப் போட உன்னிடம் ஆடே இல்லை. எட்டிப் பார்த்தேன். வேலியடியில் சும்மா நின்றுகொண்டிருந்தாய்.

நீ கண்ணை மூடிய பிறகு, உன் செத்த வீட்டிலும் பெண்களுக்கு நடுவே போனில் அவளைக் கதிரையில் இருத்தினோம். எல்லோரோடும் அழுதாள். பிறகு இந்த ஆட்டுக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவும் வைத்தாள்.

இன்று கதிரையில் இருந்தது கட்டாரில் வேலை செய்யும் என் மகன். கலியாணம் முடித்துக் கொஞ்ச நாளில் போனவன். நான் பக்கத்தில் இருக்க, அவனும் மருமகளும் "சாப்பிட்டீங்களோ", "ஓம்" என்று நிறுத்திக்கொண்டார்கள். நான் சுளகை இறக்கி வைத்தேன்.

"ஆட்டுக்குக் குழை போட்டிட்டு வாறன்."

"எங்கட வீட்டில ஏதம்மா ஆடு?" என்று அவன் கேட்டது முற்றம் வரைக்கும் கேட்டது. மருமகள் சிரிப்பதும் கேட்டது. நான் திரும்பிப் போகவில்லை, மச்சாள். நீ நின்றது போலவே வேலியடியில் சும்மா நின்றேன்.