உன் அம்மா தரும் முதல் துண்டு

அன்பு மெற்றில்டா,

ஆய்வுகூடத்தில் உன் ஸ்டூலில் இன்னும் ஒருவரும் இருப்பதில்லை. நான்தான் விடுவதில்லை. எனக்கு விசர் என்கிறார்கள். சொல்லட்டும்.

கோப்பாய்த் தோட்டக்காரர் வீட்டுப் பெண், மீன் சட்டியே தொடாதவள், கருவாட்டில் கலாநிதிப் பட்டம் செய்ய வந்தேன். நீதான் முதலில் சிரித்தாய். "எடி சைவப்பழம், நீ சோதனைக் குழாயைப் பிடி, நான் கருவாட்டைக் கடிக்கிறன்" என்றாய். உன் ஆய்வு கருவாட்டுக்குப் போடும் உப்பைப் பற்றியது, என்னுடையது உப்புக் குறைந்தால் அதில் ஊறும் நஞ்சைப் பற்றியது. கெட்ட சூரைக் கருவாடு நுனிநாக்கில் மிளகு மாதிரி விறுவிறுக்கும் என்பாய். கடித்துத் துப்பிவிட்டு நீ சொல்வாய், நான் இரசாயனம் விட்டுச் சரிபார்ப்பேன். அந்த நாள்களில் எவ்வளவு சிரித்தோம்!

பிறகு குருநகரில் உங்கள் வீட்டு வளவுக்குள் ஷெல் குண்டு விழுந்தது. நீ மீன் காயப்போட்டுக்கொண்டு நின்றாயாம். அந்த நேரம் என்ன நினைத்துக்கொண்டு நின்றாய்?

நீ எங்களை விட்டுப் போனபின், சண்டையில் ஆனையிறவுப் பாதையையும் மூடிவிட்டார்கள். அங்கேயிருந்து வரும் உப்பு இல்லை. கொழும்பிலிருந்து வரவேண்டிய இரசாயனப் பெட்டியும் வரவில்லை. "பொறு பிள்ளை" என்கிறார் ஆய்வை மேற்பார்க்கும் எங்கள் சேர். எவ்வளவு காலம் பொறுப்பது? சனம் அதுவரை சாப்பிடாமல் இருக்குமா?

ஒருநாள் உன் அம்மா கருவாட்டுப் பையோடு ஆய்வுகூடத்துக்கே வந்துவிட்டா. "மாதா கோயிலிலை இடம்பெயர்ந்து வந்த சனத்துக்குச் சமைக்கப் போறம், பிள்ளை. சின்னனுகளும் இருக்குதுகள். உப்புக் குறைச்சல்தான் போட்டது. குடுக்கலாமோ? அவள் இருந்தால் அவளிட்டைக் கேட்டிருப்பன்."

அவித்தாலும் பொரித்தாலும் போகாத நஞ்சு அது. சோதித்துப் பார்க்க என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு துண்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். நாக்கு விறுவிறுத்தது. அது நஞ்சா, உப்பா, என் அருவருப்பா? நல்ல கருவாட்டின் ருசியே அறியாதவளுக்குக் கெட்டது எப்படியடி தெரியும்? அப்போது என் காதருகில் "துப்படி" என்றாய். சத்தியமாகக் கேட்டது. துப்பினேன்.

"வேண்டாம் அம்மா" என்றேன். "சரி மோனை" என்று மட்டும் சொன்னா. முழுவதையும் வளவில் கிடங்கு வெட்டிப் புதைத்தாவாம். அன்று கோயிலில் வெறுங்கஞ்சிதான். ஒரு பிள்ளை கறி கேட்டு அழுததாம். நான் சொன்னது சரியா, மெற்றில்டா? அன்று பேசியது நீயா, என் பயமா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் கேள்வி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. உங்கள் வீட்டுக்குப் போய் மீன் தின்னப் பழகினேன். நல்லதன் ருசி தெரிந்தால்தானே கெட்டது தெரியும்! இங்கே என் அம்மா, "கிணத்தடியிலை முழுகாமல் உள்ளுக்கை வரக்கூடாது" என்று கத்துகிறா. நான் முழுகிவிட்டே போகிறேன்.

இப்போது உன் அம்மா கருவாடு காயப்போடும்போதெல்லாம் முதல் துண்டு என் கைக்குத்தான் வரும். நான் மெல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பா. அவ பார்ப்பது என்னையல்ல. உனக்குப் பின்னால் நிற்கிறேனா, உனக்குள் நிற்கிறேனா என்று தெரியாமல் போய்விடும்.

போன கிழமை சோறும் போட்டா. பாதியில் நான் எழும்பப் போக, தோளைப் பிடித்து இருத்தினா.

"இன்னும் கொஞ்சம் தின், மெற்றில்டா."

திருத்த எனக்கு மனம் வரவில்லை. "ஓம் அம்மா" என்றேன். தின்றேன்.

கோபியாதே. ஆய்வை முடிப்பேன். உன் உப்பு அத்தியாயத்தையும் அதில் சேர்ப்பேன். எந்தத் தாயும் இன்னொருத்தி பிள்ளையின் நாக்கை நம்பி உலை வைக்காதபடி ஒரு வழி கண்டுபிடிப்பேன். அதுவரை, அந்த வீட்டில் உன் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் நான் எழும்பிப் போவேன்.

உன் அம்மாவின் மற்ற மகள்,
சிவகௌரி