மீட்புக் கப்பல் வரும்

என் வாலுக்கு,

நேற்று உன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பகடை உருட்டி விளையாடினோமே, அந்த விண்வெளிக் கதையில் உன் வீரனின் கலத்தில் காற்று தீர்ந்துகொண்டிருந்தது. கதையை நடத்துகிறவள் நான்தானே என்று ஒரு மீட்புக் கப்பலை அனுப்பினேன். நீ ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, "அவ்ளோ தூரத்துலேருந்து அதுக்குள்ள எப்படிக்கா வரும்? ரீல் விடாத!" என்று சிரித்தாய். விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்டதாகச் சொன்னதற்கே ஒரு வாரம் என் மானத்தை வாங்கியவன் ஆயிற்றே நீ.

கிளம்பும்போது டாக்டர் கூப்பிட்டார். அவர் சொன்னதையெல்லாம் உன்னைப் போலவே நானும் "அதெப்படி, அதெப்படி" என்று மடக்கிப் பார்த்தேன். மனுஷன் ஓரிடத்திலும் சறுக்கவில்லை. மற்றபடி ஒன்றுமில்லை. உனக்குப் புதுப் போர்வை வாங்கியிருக்கிறேன், நீலம்.

வீட்டுக்கு வந்து கப்பலுக்குக் கணக்குப் போட்டேன். எஞ்சினை மாற்றினேன், எரிபொருளைக் கூட்டினேன், கிளம்பும் இடத்தையே பக்கத்தில் இழுத்து வைத்தேன். என்ன செய்தும், காற்று தீர்ந்த பிறகுதான் வந்து சேர்கிறது.

நாளைக்கு வருகிறேன். கப்பலும் வரும்டா. எப்படி வந்தது என்று மட்டும், இந்த ஒரு தடவை, கேட்காதே.

அக்கா