ஐந்தை முப்பதாக்கியவன்

மச்சி,

இன்று காலை சால்டரிங் பேஸ்ட் டப்பாவைத் திறந்தேன். நீ போனதிலிருந்து தொடாதது. மூடியைத் திருகியதும் அந்தப் பிசின் வாசனையோடு நீயும் வந்து நின்றாய். மூடிவைத்துவிட்டு பால்கனிக்குப் போனேன். கீழே உன் வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.

வேளச்சேரி மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ தரைத்தளம், நான் மூன்றாவது மாடி. ஒரு மழையில் உன் ஃபிரிட்ஜ், கட்டில், கல்யாண ஆல்பம் எல்லாம் ஊறிப்போன பிறகு நீதான் ஆரம்பித்தாய். "தண்ணி கேட்டாண்ட வரும்போதே தெரிஞ்சா போதும் மச்சி. மீதிய நான் பாத்துக்கறேன்." எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டும் தூரம் அளக்கும் சென்சாரும் வாங்கி வந்தோம். கேட்டோரம் நட்ட பிவிசி குழாயின் உச்சியில் சென்சார் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீர் ஏறினால் இரண்டு வீட்டிலும் அலாரம் அடிக்கும். நனையாமல் இருக்க நீ அதன் மேல் ஒரு தயிர் டப்பாவைக் கவிழ்த்தாய்.

குழாய்க்குள் கரப்பான்பூச்சி புகுந்தாலும் அது வெள்ளம் என்றது. "இன்னாடா இது, கரப்பானுக்கெல்லாம் கூவிக்கினு கீது!" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு, தொடர்ந்து ஐந்து நிமிடம் தண்ணீர் தெரிந்தால்தான் அடிக்க வேண்டும் என்று, என் லேப்டாப்பில் நீ எழுதிவைத்திருந்த புரோகிராமைத் திருத்தினாய். அப்போதும் அவ்வப்போது பொய்யாக அடித்தது. நீ ஒவ்வொரு தடவையும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவாய். "பொய்யா அடிச்சா எந்திரிச்சுப் போய்ப் பாத்துக்கலாம். அடிக்காம வுட்டாதான் பேஜாரு."

அலுத்துக்கொண்டவன் நான்தான். மகளுக்குப் பொதுத்தேர்வு, அவள் படிக்க உட்காரும்போதெல்லாம் இது கத்தியது. ஒருநாள் எரிச்சலில் லேப்டாப்பைத் திறந்து ஐந்தை முப்பதாக மாற்றி போர்டில் ஏற்றிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. தேர்வு முடிந்ததும் பழையபடி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். தேர்வு முடிந்தது, மறந்துபோனேன்.

அதன்பிறகு அலாரம் வாயே திறக்கவில்லை. "தயிர் டப்பா வேல செஞ்சுடுச்சி பாத்தியா!" என்று நீ காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

அந்த மழை நாளில் உன் மனைவியும் குழந்தையும் ராயப்பேட்டையில் அவள் அம்மா வீட்டில் இருந்தார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து நனைந்துகொண்டு வந்த உன்னை மேலே வந்து படுக்கச் சொன்னேன். "அதான் அலாரம் கீதே" என்று கதவைச் சாத்திக்கொண்டாய். மத்தியானம் அது அடித்தபோது நான் படிகளில் தாவி ஓடிவந்தேன். உன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூழ்கியிருந்தது. அலாரச் சத்தத்தில்தான் நீ விழித்திருப்பாய். விழித்துக் காலைக் கீழே வைத்திருப்பாய். மெயினை அணைத்த பிறகுதான் உன்னைத் தொடவே முடிந்தது.

"தண்ணி திடீர்னு வந்துடுச்சு" என்றார்கள் எல்லோரும். நானும் தலையை ஆட்டினேன். பாவி நான், இன்றுவரை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் மனைவி பெருங்குடிக்குக் குடிபோய்விட்டாள். அங்கேயும் தரைத்தளம்தான். நேற்று போன் செய்தாள். "அண்ணா, எங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்கண்ணா. அவர் எழுதினதையே போடுங்க. எதையும் மாத்திடாதீங்க. பாப்பாகிட்ட, இது அப்பா செஞ்சதுன்னு சொல்லணும்."

"சரிம்மா" என்றேன்.

விடிந்ததிலிருந்து தேடுகிறேன். நீ எழுதியது எங்கேயும் இல்லை. அதன் மேலேயே என் திருத்தத்தைச் சேமித்திருக்கிறேன். உன்னுடையது என்று என்னிடம் மிச்சம் இருப்பது நான் கெடுத்துவைத்ததுதான். மறுபடி ஐந்து என்று அடிக்க ஒரு நொடி போதும். அடித்துவிட்டால் நான் செய்ததற்கு எந்தச் சாட்சியும் இருக்காது. அது எவ்வளவு சுலபம் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது மச்சி.

ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள். அந்த முப்பதை அவளிடம் காட்டிவிட்டுத்தான் அழிப்பேன். அதற்குமேல் அவள் என்னை அண்ணா என்று கூப்பிடமாட்டாள்.